தாமே வகுத்த நெறியும் தண்டிக்கும் சட்டமும்

எந்தத் தொழிலின் ஆபத்தையும் அத்தொழிலில் உழல்பவர்களே நன்கறிவார்களாதலால், அதற்குரிய பாதுகாப்பு நெறிகளையும் அவர்களே கூடி வகுத்து, அவர்களே மேற்பார்த்து, அவர்களே திருத்திக்கொள்வதுதான் விவேகம் என்றும், சர்க்கார் அதிகாரி சட்டப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்பதனால் காகிதம் பெருகுமேயன்றிப் பாதுகாப்புப் பெருகாது என்றும் ஓர் அபிப்பிராயம், நிர்வாகக் கலையைப் போதிக்கும் பலரிடையே இன்று ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. அதற்கு அவர்கள் காட்டும் தலையாய பிரமாணம் அமெரிக்க அணுமின் துறை. 1979-இல் நேர்ந்த பெரும் விபத்துக்குப் பின் அங்குள்ள மின் நிறுவனங்கள் யாருடைய கட்டளையும் இன்றித் தாமாகவே ஒரு கழகத்தை அமைத்து, சட்டம் கேட்பதைவிட உயர்ந்த நெறிகளைத் தமக்கு விதித்துக்கொண்டு, சில பத்தாண்டுகளில் தம் நிலையங்களின் நடத்தையையே மாற்றிவிட்டன என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. 2010-இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது அதை ஆராய்ந்த தேசியக் கமிஷனும் அத்தகைய கழகம் ஒன்றை எண்ணெய்த் துறை அமைத்துக்கொள்ள வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அரசாங்க மேற்பார்வைக்குத் துணையாகத்தானே ஒழிய அதற்கு மாற்றாக அன்று என்று அந்தக் கமிஷன் தெளிவாகச் சொல்லியிருந்தும், மேற்கோள் காட்டுவோர் அந்த நிபந்தனையை வழியிலேயே விட்டுவிட்டு, விருப்ப நெறி போதும், கட்டாயம் வேண்டாம் என்ற முடிவை மட்டும் கையில் ஏந்தி வருகிறார்கள்.

இந்த முடிவு பிழையானது என்பதும், பிழை என்பதோடு நில்லாமல் மக்களின் உயிருக்கே ஆபத்தானது என்பதும் நம் கட்சி. விருப்ப நெறிகளால் பயனில்லை என்று நாம் சொல்லவில்லை. அவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அந்த நன்மை எந்த நிலத்தில் வேரூன்றி வளர்ந்தது என்பதைப் பாராமல் பயிரை மட்டும் பெயர்த்து வேறிடத்தில் நட்டுவிடலாம் என்று எண்ணுவது அனுபவத்துக்கு முற்றிலும் முரணானது. அந்த அனுபவத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

1979 மார்ச் 28-ஆம் தேதி விடியற்காலை நான்கு மணியளவில், பென்சில்வேனியா மாநிலத்தில் சஸ்குவெஹன்னா நதியின் நடுவே ஒரு தீவில் அமைந்த திரீ மைல் ஐலண்டு நிலையத்தின் இரண்டாம் உலையில், அழுத்தம் மிகும்போது திறந்து, தணிந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு வால்வு, திறந்தது திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அந்த வால்வுக்குரிய சிறு விளக்கோ அணைந்துவிட்டது; ஏனெனில் அவ்விளக்கு வால்வின் உண்மை நிலையைக் காட்டுவதற்கு அமைக்கப்படவில்லை, மூடும்படி மின்கட்டளை போய்விட்டது என்பதையே காட்டிற்று. துணை நீரூட்டக் குழாய்களின் வால்வுகள் அடைபட்டுக் கிடந்ததை அறிவித்த விளக்குகளில் ஒன்றை, பராமரிப்பு வேலைக்காகத் தொங்கவிட்டிருந்த ஒரு மஞ்சள் அட்டை மறைத்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஒரே சமயத்தில் ஒலித்துக்கொண்டிருக்க, உலைத் தொகுதியில் நீர் மிகுந்துவிட்டதென்று மயங்கிய ஊழியர்கள், தானாகவே பாயத் தொடங்கியிருந்த அவசரக் குளிர்நீரைத் தம் கையாலேயே குறைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழிந்த பின்னரே, காலைப் பணிக்குப் புதிதாக வந்தவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் தட்டி, அந்தக் குழாயிலிருந்த மற்றொரு வால்வை மூடச் செய்தார். முடிவில் உலைக்கருவின் ஏறக்குறைய பாதி உருகிப்போயிற்று.

இதைவிட வருந்தத்தக்கது வேறொன்று உண்டு. இதே வகை வால்வு, இதே வகையில் சிக்கிக்கொண்டு, இதே மயக்கத்தை விளைவித்த சம்பவம் ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸே நிலையத்தில் 1977 செப்டம்பரிலேயே, அதாவது ஒன்றரை ஆண்டுக்கு முன்பே நடந்திருந்தது. அப்போது உலை மிகக் குறைந்த சக்தியில் ஓடிக்கொண்டிருந்ததாலும், ஊழியர் இருபது நிமிஷங்களில் காரணத்தைக் கண்டுகொண்டதாலும் தீங்கு நேரவில்லை. ஆனால் அங்கே பெற்ற பாடம், அதே கம்பெனி செய்த உலையை ஓட்டிய மற்றோர் ஊரின் ஊழியருக்குப் போய்ச் சேரவில்லை. கணிதப் பேராசிரியரும் டார்ட்மவுத் கல்லூரியின் தலைவருமான ஜான் கெமினியின் தலைமையில் ஜனாதிபதி கார்ட்டர் நியமித்த விசாரணைக் கமிஷன், கோளாறு இயந்திரத்தைவிட மனிதர்களின் பயிற்சியிலும் நிர்வாகத்திலும் மனோபாவத்திலுமே மிகுதி என்று கண்டு, துறை தன் நெறிகளைத் தானே உயர்த்தித் தானே காவல் காக்க வேண்டுமென்று வற்புறுத்தியது.

அதன்படி 1979 டிசம்பரில் அட்லாண்டா நகரில் தோன்றியதுதான் அணுமின் இயக்கக் கழகம். 'இன்போ' என்பது அதன் சுருக்கப் பெயர். உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான 'நாட்டிலஸ்'ஸின் முதல் தளபதியாயிருந்த யூஜீன் வில்கின்சன் அதன் முதல் தலைவர். கடற்படையின் கண்டிப்பில் வளர்ந்த பொறியாளர் பலர் அதில் சேர்ந்து, நிலையம் நிலையமாகச் சென்று, வாரக்கணக்கில் தங்கி, ஊழியர் வால்வைத் திருப்பும் முறை முதல் குறிப்பேட்டில் எழுதும் முறை வரை கூர்ந்து பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டார்கள். ஓர் ஊரில் நேர்ந்த சிறு பிசகு மற்றெல்லா ஊர்களுக்கும் உடனே தெரிவிக்கப்பட்டது. 1980 வாக்கில் தம் முழுத் திறனில் 60 சதவீதம்கூட உற்பத்தி செய்யாதிருந்த அமெரிக்க நிலையங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 90 சதவீதத்தை ஒட்டி உற்பத்தி செய்தன. எதிர்பாராமல் உலை தானே நின்றுபோகும் சம்பவங்கள் மிக அருகின. இத்தனைக்கும் இன்போவின் உழைப்பு ஒரு முக்கிய காரணம் என்பதை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் இதை விருப்பத்தின் வெற்றி என்று கொண்டாடுவோரிடம் நாம் கேட்கும் முதற்கேள்வி, இதில் விருப்பம் எங்கே இருந்தது என்பதுதான். திரீ மைல் ஐலண்டுக்குப் பின் மின் நிறுவனங்கள் தமக்கென அமைத்துக்கொண்ட பரஸ்பரக் காப்பீட்டு ஸ்தாபனம், இன்போவில் உறுப்பினராயிராத நிலையத்துக்குக் காப்பீடு அளிப்பதில்லை. இன்போ இடும் மதிப்பெண் தாழ்ந்தால் பிரீமியம் உயரும். காப்பீடோ சட்டம் கேட்பது. அஃதின்றி உலையை ஓட்ட முடியாது. அதற்கு மேல், அமெரிக்க அரசாங்கத்தின் அணு ஒழுங்குமுறைக் கமிஷனின் ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிலையத்திலும் நிரந்தரமாகவே தங்கியிருக்கிறார்கள். உரிமத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அந்தக் கமிஷனுக்கு உண்டு. இன்னொரு விபத்து நேர்ந்தால் ஜனங்களின் சீற்றத்துக்கு நாடு முழுவதும் உள்ள உலைகள் அனைத்தும் இலக்காகும் என்ற பயமும் ஒவ்வொரு நிறுவனத்தின் தலைவரையும் உலுக்கிக்கொண்டிருந்தது. இன்போவைப் பற்றி ஜோசப் ரீஸ் 1994-இல் வெளியிட்ட நூலுக்கு, இந்நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பிணையாக நிற்பவை என்ற கருத்தையே தலைப்பாக்கினார். போதாக்குறைக்கு, அந்நாளில் அவை தத்தம் பிரதேசத்தில் ஏகபோக உரிமை பெற்றுத் தம்முள் போட்டியில்லாமல் இயங்கியவை. பாதுகாப்புக்குச் செலவிட்டதைக் கட்டணத்தில் சேர்த்துத் திரும்பப் பெறவும் வழியிருந்தது. போட்டியாளனிடம் தொழில் ரகசியத்தை ஒளிக்க வேண்டிய அவசியமும், செலவைக் குறைத்து விலையில் அவனை வெல்ல வேண்டிய அவசியமும் உள்ள வேறொரு துறைக்கு இந்த உதாரணம் எப்படிப் பொருந்தும்?

நம் நாட்டு ஏரிகளின் கதை இதற்கு ஒப்பானது. கரையையும் மதகையும் வாய்க்காலையும் ஊரார் தாமே கூடிச் செப்பனிட்ட குடிமராமத்து என்னும் வழக்கத்தை, கட்டாயமற்ற கூட்டுறவின் இலக்கணமாகப் பலர் புகழ்வதுண்டு. ஆனால் வேலைக்கு வராதவனைத் தட்டிக் கேட்கும் ஊர்க்கட்டுப்பாடு என்ற ஒன்று இருந்தவரையில்தான் அது செழித்தது. அக்கட்டுப்பாடு தளர்ந்த காலத்தில், வெள்ளத்தைத் தடுக்கக் கட்டாய உழைப்பு வாங்கவும் வழக்கப்படியான மராமத்து வேலையை நிர்ப்பந்தித்து நிறைவேற்றவும் சென்னை ராஜதானிக்கென 1858-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. மரபும் மானமும் சேர்ந்து தாங்கிய வழக்கத்துக்கே இந்தக் கதியென்றால், லாபக் கணக்கை ஆண்டுதோறும் பங்குதாரர்முன் வைக்க வேண்டிய கம்பெனிகளின் வாக்குறுதிக்கு என்ன உறுதி?

இரண்டாவதாக, ஒருவன் கேளாமற்போனால் இன்போவால் என்ன செய்ய முடிந்தது என்று பார்ப்போம். அதே சஸ்குவெஹன்னா நதிக்கரையில், திரீ மைல் ஐலண்டுக்குக் கீழே, பீச் பாட்டம் என்ற நிலையம் உள்ளது. அதன் நிர்வாகம் சீர்கெட்டிருப்பதை இன்போவின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகவே கண்டு, எழுதி, இடித்துரைத்து வந்தார்கள். நிறுவனத்தின் தலைமை அதைப் பொருட்படுத்தவில்லை. இறுதியில் கட்டுப்பாட்டு அறையில் பணிநேரத்திலேயே ஊழியர் உறங்குகிறார்கள் என்ற செய்தி ஒழுங்குமுறைக் கமிஷனுக்கு எட்டிற்று. 1987 மார்ச் 31-ஆம் தேதி கமிஷன் இட்ட ஆணையால் இரண்டு உலைகளும் நின்றன. அதற்குப் பின்னர்தான், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், இன்போவின் தலைவர் ஸாக் பேட் அந்நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்குக் கடுமையாகக் கண்டித்து எழுதிய கடிதம் பலித்தது. மேலிடத்து நிர்வாகிகள் பதவி விலகினார்கள். இதை இன்போவின் வல்லமைக்குச் சான்றாக அதன் அபிமானிகள் எடுத்துக்காட்டுவது வழக்கம். சம்பவங்களை அவை நடந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்: பல ஆண்டுப் புத்திமதி செய்யாததைச் சட்டத்தின் ஓர் ஆணை ஒரே நாளில் செய்தது, கடிதத்துக்கு வலிமை தந்ததும் அந்த ஆணைதான்.

மூன்றாவதாக, கட்டாயம் அறவே விலகி, விருப்பம் ஒன்றே எஞ்சிய இடத்தில் நேர்ந்தது என்ன என்பதற்கு ஜப்பானே சாட்சி. உலைக்கரு உருகும் அளவுக்கு விபத்து முற்றினால் செய்ய வேண்டியவற்றை, 1992-இல் அந்நாட்டின் அணுப் பாதுகாப்புக் கமிஷன் சட்டத்தின் கட்டளையாக்காமல், நிறுவனங்கள் தாமாகவே மேற்கொள்ள வேண்டியவை என்று விட்டுவிட்டது. அவையும் இயந்திரக் கோளாறு, மனிதப் பிழை போன்ற உட்காரணங்களை மட்டுமே கருதித் திட்டமிட்டன. பூகம்பமும் கடற்கோளும் அத்திட்டங்களில் இடம்பெறவில்லை. கடற்கோளின் உயரத்தை எப்படிக் கணிப்பது என்பதற்கு 2002-இல் பொறியாளர் சங்கம் ஒன்றின் குழு ஒரு முறையை வகுத்தது. அக்குழுவில் பெரும்பான்மையோர் மின் நிறுவனங்களையும் அவற்றைச் சார்ந்த ஸ்தாபனங்களையும் சேர்ந்தவர்கள், ஆராய்ச்சிச் செலவும் அந்நிறுவனங்களுடையது. அம்முறைப்படி புகுஷிமா தாய்இச்சி நிலையத்துக்குக் கிடைத்த உயரம் 5.7 மீட்டர். 2008-இல் அந்நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்துக்குள்ளேயே நடந்த மற்றொரு கணக்கு 15.7 மீட்டர் என்று காட்டியது. நிறுவனமோ உடனே சுவர் எழுப்பாமல், மேலும் ஆராயும்படி அதே சங்கத்திடம் அதை ஒப்படைத்தது. சட்டத்தின் பிரதிநிதி எவரும் குறுக்கிட்டு, இத்தனை நாளுக்குள் செய்து முடி என்று சொல்லவில்லை.

2011 மார்ச் 11 பிற்பகல், முக்கிய உலைக் கட்டடங்கள் நின்ற 10 மீட்டர் மேட்டைக் கடல் ஏறிக் கடந்தது. மின்சாரம் முழுவதும் அற்ற இருளில், உலைக்குள் நீர் எவ்வளவு இருக்கிறதென்று அறிய, ஊழியர்கள் வெளியே நின்ற மோட்டார் வண்டிகளின் பேட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து அளவுமானிகளில் இணைத்துப் படித்தார்கள். அழுத்தத்தை வெளிவிடும் வால்வுகளைக் கதிரியக்கத்தின் நடுவே கையால் திறக்கப் போக வேண்டியிருந்தது. ஏனெனில் அவர்களிடமிருந்த கையேடு, கட்டுப்பாட்டு அறையில் மின்சாரம் இருக்கும் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. அந்த மனிதர்களின் தீரத்தை எண்ணும்போதெல்லாம், அவர்களை அந்த இருளில் நிறுத்திய விருப்ப நெறியின்மீது நமக்குக் கோபமே எழுகிறது. ஜப்பானியப் பாராளுமன்றம் நியமித்த சுயேச்சை விசாரணைக் கமிஷன் அதை மனிதரால் விளைந்த விபத்து என்றே தீர்ப்பளித்தது. 2013 ஜூலையிலிருந்து அங்கே உலை உருகும் விபத்துக்கான ஏற்பாடுகள் சட்டத்தின் கட்டாயம். பழைய உலைகளுக்கும் அவை பொருந்தும்.

இதற்கு விடையாக, ஓனகாவா நிலையத்தைப் பாருங்கள் என்பார் உண்டு. பூகம்பத்தின் மையத்துக்கு இன்னும் அருகே இருந்தும், தொஹொக்கு மின் நிறுவனம் அதை ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்ததால், 13 மீட்டர் எழுந்த கடலிலிருந்து அது தப்பிற்று. உயரத்தை வற்புறுத்திய பொறியாளர்களைச் சட்டம் ஒன்றும் நிர்ப்பந்திக்கவில்லை என்பது உண்மையே. அவர்களுடைய சிரத்தை வணக்கத்துக்குரியது. ஆனால் ஒரே கடற்கரையில், ஒரே தேசத்தின் ஆட்சியில், ஒரு நிறுவனம் சிரத்தை கொண்டது, மற்றது கொள்ளவில்லை என்பதைத்தானே இந்த உதாரணம் நிரூபிக்கிறது? ஓனகாவாவின் அருகே வாழ்ந்தவன் நிர்வாகத்தின் குணத்தால் பிழைத்தான். புகுஷிமாவின் அருகே வாழ்ந்தவன் நிர்வாகத்தின் குணத்தால் ஊரை இழந்தான். குடிமகனின் பாதுகாப்பு தன் பக்கத்து நிறுவனத்தின் குணாதிசயத்தைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது என்பதற்காகவே சட்டம் என்ற ஒன்றை மனிதர் வகுத்தனர்.

இது ஜப்பானியரின் தனிக்குறை என்று கருதி ஆறுதலடையவும் இடமில்லை. அதே வகைப் பழைய கொதிநீர் உலைகளில் உறுதியான அழுத்த வெளியேற்றக் குழாய் அமைப்பதை 1989-இல் அமெரிக்கக் கமிஷன் கட்டாயமாக்காமல் வேண்டுகோளாகவே விடுத்தது. நிறுவனங்கள் பலவும் அமைத்தன, ஆனால் அமைப்பு இடத்துக்கிடம் வேறுபட்டது. புகுஷிமாவுக்குப் பின் 2012 மார்ச்சில்தான் அது ஆணையாயிற்று. உலை உருகும் விபத்துக்கான கையேடுகள் அங்கும் துறையின் விருப்பப் பணியே. 2011-இல் அவற்றை ஆய்வாளர்கள் நிலையம் நிலையமாகத் தேடிப் பார்த்தபோது, சில இடங்களில் அவை காலத்துக்கேற்பத் திருத்தப்படவில்லை, சில இடங்களில் ஊழியருக்குப் போதிய பயிற்சியில்லை என்று தெரியவந்தது. அவற்றைக் கட்டாயமாக்கலாம் என்ற யோசனையைக் கமிஷன் 2015-இல் நிராகரித்தது என்பது நாம் ஆழ்ந்து வருந்த வேண்டிய முடிவு. இன்போ முழு வலிமையோடு முப்பது ஆண்டுகள் பணிபுரிந்த நாட்டிலேயே, யாரும் கேளாத கையேடு அலமாரியில் பழையதாகிக் கிடந்தது என்றால், விருப்பத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் எதிர்க்கட்சியார் சொல்லும் ஆட்சேபங்களில் இரண்டு வலிமையானவை. சட்டம் இருந்தால் மனிதர் அதன் எழுத்தை நிறைவேற்றிவிட்டு, அதுவே பாதுகாப்பு என்று மயங்கி உறங்குவார்கள் என்பது ஒன்று. கெமினி கமிஷனே இதைக் கண்டித்தது, இதில் உண்மையுண்டு. சட்டம் ஒரு துறையை உன்னதமாக்காது. சிரத்தையை எந்தச் சட்டமும் ஆணையிட்டு வரவழைக்க முடியாது. ஆகவேதான் சட்டத்துக்கு மேலே விருப்ப நெறிக்கு இடமுண்டு என்கிறோம். ஆனால் மேல்மாடிக்கு இடமுண்டு என்பதிலிருந்து அடித்தளம் வேண்டாம் என்ற முடிவு எந்த நியாயப்படி வரும்?

சட்டத்தின் காவலனும் தவறுவான் என்பது மற்றொன்று. மெய்தான். முன்னே சொன்ன டேவிஸ்-பெஸ்ஸே நிலையத்தில், உலைக்கலத்தின் தலைமூடியிலுள்ள விரிசலின் வழியே கசிந்த போரிக் அமிலம் ஆண்டுக்கணக்கில் எஃகை அரித்தது. துருநிறக் கட்டிகள் மூடியின்மேல் வழிந்து உறைந்து கிடந்தன. கதிரியக்கமானியின் வடிப்பான்கள், வழக்கமாக நீடிக்கும் காலத்துக்கு நீடிக்காமல், துருத்தூள் அடைத்து ஓரிரு நாளுக்கொருமுறை மாற்றப்பட்டன. 2001 டிசம்பர் முடிவுக்குள் ஆய்வு செய்ய வேண்டுமென்று கமிஷன் கேட்டும், நிறுவனம் மன்றாடிச் சில வாரத் தவணை பெற்றது. 2002 மார்ச்சில் பார்த்தபோது, 15 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஃகு கரைந்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துருப்பிடியாத உள்ளுறை ஒன்றே கொதிநீரின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. கமிஷன் தவறியது, இன்போவின் கண்ணும் அங்கே இருந்தும் தடுக்கவில்லை. ஆனால் பின்விளைவில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். கமிஷனின் தவறு அதன் சொந்தத் தலைமை ஆய்வாளரால் விசாரிக்கப்பட்டு, பகிரங்கமாக அச்சிடப்பட்டது. நிறுவனத்தின் செலவை எண்ணித் தயங்கியது அதில் வெளியாயிற்று. நிலையம் இரண்டு ஆண்டுகள் மூடப்பட்டது. நிறுவனம் அபராதம் செலுத்தியது. இன்போவின் ஆய்வறிக்கைகளோ உறுப்பினருக்கு மட்டுமே உரியவை. அந்நிலையத்துக்கு அது இட்ட மதிப்பெண்ணைக் கேட்டறியும் உரிமை அதன் அருகே வாழும் குடியானவனுக்கு இல்லை. பொது அதிகாரி தவறினால் திருத்த வழியுண்டு. தனிக்கழகம் தவறினால் அது தவறியதென்று அறியவே வழியில்லை.

ரகசியம் இல்லாவிடில் ஊழியர் மனம் திறந்து குறையைச் சொல்லமாட்டார் என்று வாதிப்பார்கள். குறை சொன்ன ஊழியரின் பெயர் ரகசியமாயிருக்கட்டும். நிலையத்தின் நிலைமை ரகசியமாயிருக்க வேண்டியதில்லை.

செர்னோபில் விபத்துக்குப் பின் 1989-இல் மாஸ்கோவில் தோன்றிய உலக அணுமின் நிலைய இயக்குநர் சங்கம் இன்போவின் முறையையே உலகெங்கும் பரப்பியது. நம் நாட்டின் நிலையங்களும், சக நிலையத்தாரே வந்து பார்க்கும் அதன் சகோதர ஆய்வுகளுக்கு உட்பட்டவை. கல்பாக்கத்துக்கும் கூடங்குளத்துக்கும் அருகே வாழும் நமக்கு இந்த விவாதம் பிறநாட்டுச் செய்தியன்று. 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தை ஆராய்ந்து, அது சட்டப்படி சுயேச்சை பெறாத சார்பு நிலையில் இருப்பதையும், விதிகளை மீறுவோருக்குரிய அபராதம் யாரையும் அச்சுறுத்தாத அளவுக்குச் சிறியதாக இருப்பதையும் எடுத்துக்காட்டினார். அத்தகைய நிலைமைக்குச் சகோதர ஆய்வு ஒருபோதும் பரிகாரமாகாது.

ஆகவே நாம் வேண்டுவது இது. மேன்மைக்கான நெறிகளைத் துறை தாராளமாகத் தனக்கு வகுத்துக்கொள்ளட்டும். அதைச் சட்டம் தடுக்க வேண்டாம், போற்றட்டும். ஆனால் இது இல்லாவிட்டால் ஜனங்கள் சாவார்கள் என்று அனுபவமோ ஆராய்ச்சியோ காட்டிய எந்த நெறியும் அன்று முதல் விருப்பத்தின் பட்டியலிலிருந்து நீங்கிக் கட்டாயத்தின் பட்டியலில் ஏற வேண்டும். அதற்குத் தவணை குறிக்கப்பட வேண்டும். அது நிறைவேறியதா என்பதைக் கேட்க, நிறுவனத்துக்கும் அமைச்சருக்கும் கட்டுப்படாத ஒரு சுயேச்சை அதிகாரி இருக்க வேண்டும். அவர் கண்டதை அவ்வூர்க் குடிமகன் தன் மொழியில் படிக்க வேண்டும். உலையின் ஆபத்தை ஏற்பதா வேண்டாமா என்று அருகே வாழ்பவனை யாரும் விருப்பம் கேட்பதில்லை. அவனுக்குக் கட்டாயமாக வந்து சேர்ந்த ஆபத்திலிருந்து அவனைக் காக்கும் கடமை மட்டும் மற்றவர்களுடைய விருப்பமாக இருப்பது எந்தத் தர்மத்துக்கும் பொருந்தாது.